வாத்தியாருக்குக் கால் பங்கு

தத்துவம் வேணும்னா கடற்கரைக்குப் போன்னு உனக்கு யாரோ சொல்லிட்டாங்க போல, தம்பி. திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி, மரக்காணத்துல எறங்கி, ஷேர் ஆட்டோ புடிச்சி எக்கியார்குப்பம் வரைக்கும் வந்துட்ட. இங்க காத்து வரும், கருவாட்டு வாசனை வரும். தத்துவம் கரையேறி நான் பாத்ததில்ல.

குடு அந்த நோட்ட. அடடா! "எனது கற்பித்தல் தத்துவம்." தலைப்புக்குக் கீழ பச்சையில ஒரு கோடு, சிவப்புல ஒரு கோடு. அதுக்குக் கீழ வெறுந்தாளு. இதுவரைக்கும் ஒரு தப்பும் இல்ல. இப்படியே கொண்டு போயி குடுத்தா நான் உனக்கு முழு மார்க்கு போடுவன். உங்க காலேஜ்காரங்க போட மாட்டாங்க. பி.எட். முடியல, வேலை வரல, இன்னும் ஒரு வகுப்பக்கூட முழுசா தனியா பாத்ததில்ல, அதுக்குள்ள தத்துவம் எழுதுன்றாங்க. பொண்ணு பாக்கறதுக்கு முந்தியே புள்ளைக்குப் பேரு வெக்கச் சொன்னா எப்படி?

பின்னாடிப் பக்கத்துல என்னமோ எழுதி அடிச்சி வெச்சிருக்கற. "ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி." ஏன் அடிச்ச, நல்லாத்தான இருக்குது? சம்பளக் கமிஷன் எப்ப வரும், அரியர் எப்ப வரும்னு கேக்கற மெழுகுவத்திய நீதான் மொதல்ல பாக்கப் போற. கேக்கறதுல தப்பில்ல, வயிறு எல்லாருக்கும் உண்டு. அப்படிக் கேக்கறவன் உருகற கதைய மட்டும் எழுதக்கூடாது. அடுத்தது "ஏணி." அதுக்கும் அடுத்தது "தோணி." தோணியப் பத்தி எங்கிட்ட சொல்லாத. தோணியில ஏறுறவன் எவனும் தோணிக்காக ஏறறதில்ல, அக்கரைக்குப் போறான். அத்த எழுதியிருந்தா ரெண்டு மார்க்கு சேத்துப் போட்டிருப்பன்.

இந்த உவமை வேலைய உனக்கு முந்தியே ஒருத்தரு முடிச்சிட்டாரு. பவணந்தி முனிவரு. சீயகங்கன்னு ஒரு அரசன் கேட்டுக்கிட்டதால 13ஆம் நூற்றாண்டுல நன்னூல் எழுதினவரு. இலக்கணத்துக்குள்ள போறதுக்கு முந்தி, பாயிரத்துல, வாத்தியாருன்னா யாரு, பாடம் சொல்றது எப்படி, மாணவன் யாரு, அவன் பாடம் கேக்கறது எப்படின்னு வரிசையா வெச்சிருக்காரு. எனக்கு அத்தச் சொன்னது பள்ளிக்கூடத்து வாத்தியாரு இல்ல, கூத்து வாத்தியாரு. வயசுப் புள்ளையா பாரதக் கூத்து கத்துக்கப் போன எடத்துல, அடவு தப்பினா நன்னூலச் சொல்லித் திட்டுவாரு. திட்டு மறந்துபோச்சி, நன்னூலு தங்கிடுச்சி.

நல்ல வாத்தியாருக்கு அவரு நாலு உவமை வெக்கறாரு: நிலம், மலை, தராசு, பூ. நிலம்னா பொறுமை, உழுதவன் உழைப்புக்குத் தக்க விளைச்சல். மலைன்னா அளக்க முடியாத சரக்கு, மழை பேயாத வருஷத்துலயும் கொஞ்சம் தண்ணி குடுக்கும். தராசு ஓரம் சாயாது. பூ மென்மையானது, நல்ல காரியத்துக்கெல்லாம் வேணும். அழகாத்தான் இருக்குது. ஆனா வாத்தியாருக்கு வேண்டிய குணங்களைப் பட்டியல் போடும்போது மொத மொதல்ல அவரு என்னத்த வெக்கறாருன்னு பாரு. நல்ல குலம்! படிப்பு அதுக்குப் பின்னாடிதான் வருது. அவ்வளவு நுணுக்கமான மனுஷன் அந்த ஒரு எடத்துல கால் இடறி விழுந்தாரு. எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஆளு, மன்னிச்சி வுட்டுடலாம். இன்னிக்கும் அட்டெண்டென்ஸ் நோட்டு பாக்கறதுக்கு முந்தி "எந்தத் தெரு?"ன்னு கேக்கற வாத்தியாரத்தான் மன்னிக்க முடியல. அந்தாளு நன்னூலு படிச்சே இருக்க மாட்டான். அந்த ஒரு சொல்லு மட்டும் எப்படியோ அவங்கிட்ட வந்து சேந்துடுச்சி.

இப்ப வாத்தியாரா இருக்கத் தகாதவனுக்குச் சொன்னதக் கேளு. இதுக்கும் நாலு. கழற்சிக்காய் போட்டு வெச்ச குடம்: போட்டது ஒரு வரிசை, கொட்டினா வர்றது வேற வரிசை. பஞ்சு அடைச்ச குடுவை: உள்ள போறதும் கொஞ்சம் கொஞ்சமா, வெளிய வர்றதும் கொஞ்சம் கொஞ்சமா. மட்டை கழிக்காத பனை: தானா பழம் விழுந்தா உண்டு, ஏறிப் பறிக்கலாம்னா கருக்கு அறுத்துடும். வளைஞ்சிபோன தென்னை: தண்ணி ஊத்தினது ஒருத்தன், காய் விழறது பக்கத்துத் தோட்டத்துல.

இந்தக் கடைசி ரெண்டும் நம்ம பக்கத்து மரம், தம்பி. மரக்காணத்துலேர்ந்து இந்தக் கரையோரம் பூரா பனைதான். மட்டை கழிக்காத பனை மாதிரி ஒரு வாத்தியாருகிட்ட நீயும் படிச்சிருப்ப. சந்தேகம் கேட்டா கருக்கு. அவருக்கா தோணி ஒருநாள் எதனா சொன்னா அன்னிக்குப் பழம். வளைஞ்ச தென்னைக்கு வெளக்கமே வேணாம். பத்து மணிக்கு வகுப்புல கொட்டாவி, சாயங்காலம் ஆறு மணிக்கு டியூஷன் கொட்டாயில சிங்கம்.

மாணவனுக்கும் பவணந்தி பட்டியல் வெச்சிருக்காரு. அன்னமும் பசுவும் ஒசத்தி. மண்ணும் கிளியும் நடுவாந்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிக்கற அரிப்பு, இதெல்லாம் கடைசி. வேடிக்கை இன்னான்னா, வாத்தியாருங்க பொறுக்கி எடுத்துக்கிட்டது இந்தக் கடைசிப் பட்டியல மட்டும்தான். "எருமை, எருமை"ன்னு ஒரு நாளைக்கு எத்தினி தடவை சொல்றாங்க! எருமைய எழுதின அதே கை, அதுக்கு முந்தியே பனை மரத்தையும் எழுதி வெச்சிருக்குதுன்னு எவனும் அவங்களுக்குச் சொல்லல. போவட்டும், எனக்கு எருமை மேல வருத்தமில்ல. கலக்கிக் குடிக்கும்ன்றதுதான அது மேல பழி? கலக்காம கேட்டுக்கற புள்ளைய வெச்சிக்கிட்டு என்னத்தப் பாடம் நடத்தப்போற?

சரி, நான் சொல்ல வந்தது இந்த உவமை எதுவுமில்ல. பாடம் கேக்கற மொறையச் சொல்ற எடத்துல பவணந்தி ஒரு கணக்கு வெச்சிருக்காரு. அதுதான் எனக்கு முக்கியம். வாத்தியாரு சொன்னத ஒழுங்கா உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிடைக்கறது கால் பங்குதான். கூடப் படிக்கறவனோட பேசிப் பழகினா இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு எப்ப வரும்? அவன் இன்னொருத்தனுக்குச் சொல்லிக் குடுக்கும்போது வரும்.

கால் பங்கு, தம்பி! உன் சாக்பீஸு, உன் சார்ட்டு, உன் பவர்பாயிண்ட்டு, உன் குரலு, நீ ராத்திரி முழிச்சி எழுதற பாடக்குறிப்பு, எல்லாம் சேத்துக் கால். அதுவும் புள்ள ஒழுங்கா வாங்கிக்கிட்டா. நோட்டுல எழுதிக்க. தத்துவமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல உன் பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சிக்க.

பங்குன்னா இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். விடியக்காலம் படகு கரைக்கு வந்ததும் மீனு ஏலம் போவும். டீசலு, ஐஸு செலவ எடுத்துட்டு மிச்சத்தப் பங்கு வெப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு. ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும். 6,200 ரூபாய்க்கு ஏலம் போச்சின்னு வெச்சிக்க, செலவு 1,400, படகுல போனவன் நாலு பேரு. ஆளுக்கு எவ்வளவு? நீ பேனாவத் தேடறதுக்குள்ள மணல்ல ஒக்காந்திருக்கற ஏழாம் வகுப்புப் பையன் "எண்ணூறு"ன்னுடுவான். அதே பையன் பத்தரை மணிக்கு வகுப்புல பின்னம் கழிக்கத் தெரியாம முட்டி போட்டிருப்பான். வகுப்பறைக்கும் ஏலத்துக்கும் நடுவுல என்னா நடக்குதுன்னு எந்த வாத்தியாராவது கால் கிலோமீட்டர் நடந்து வந்து பாத்திருக்காரா? கடல்ல வன்னி ஓடுதா தெண்டி ஓடுதான்னு அவனக் கேளு. வடக்கேர்ந்து தெக்க ஓடற நீருக்கு ஒரு பேரு, தெக்கேர்ந்து வடக்க ஓடற நீருக்கு ஒரு பேரு. வலைய எந்தப் பக்கம் எறக்கணும்ன்றதே அத்தப் பொறுத்துதான். பூகோளத்துல அவனுக்கு 35 வராது. நீரோட்டம்னு புத்தகத்துல போட்டிருக்கறது தன் அப்பன் காலையில பேசற பேச்சுன்னு அவனுக்கு யாரும் சொன்னதில்ல.

பவணந்தியும் இத்தத்தான் சொல்றாரு. அவசரப்படாத, கோவப்படாத, முகத்தக் கடுகடுன்னு வெச்சிக்காத, வாங்கறவன் எப்படி வாங்குவான்னு தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் குடு. அவ்வளவுதான். இத்தப் பின்பத்தணும்னா மொதல்ல அந்தப் புள்ளைக்கு என்னா தெரியும்னு உனக்குத் தெரியணும். அது தெரியாதவன் நடத்தறது பாடமில்ல, ஒலிபெருக்கி.

இப்ப ஒரு வெள்ளைக்காரன் கதை. பேத்தி படிச்சிக் காட்டினது. ஆண்ட்ரூ பெல்னு ஸ்காட்லாந்துக்காரரு, பாதிரியாரு. 1789லேர்ந்து மெட்ராஸ்ல, எழும்பூர்ல, பட்டாளத்தாருங்களோட ஆதரவில்லாத பையன்களுக்கு நடத்தின விடுதிப் பள்ளிக்கூடத்துக்குத் தலைவரு. காலையில குதிரையில போறாரு. வழியில நம்மாளு ஒருத்தரு நடத்தற பள்ளிக்கூடம். புள்ளைங்க தரையில வரிசையா ஒக்காந்து மணல்ல விரலால எழுதறாங்க. பாத்தாரு, குதிரையத் திருப்பினாரு. தன் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்ககிட்ட வந்து "நீங்களும் இப்படிச் செய்யுங்க"ன்னாரு. அவங்க "இதெல்லாம் நடக்காது சார்"னாங்க. வாத்தியாருங்க எந்தக் காலத்துலயும் வாத்தியாருங்கதான். பெல் மேல பேசல. ஜான் ஃபிரிஸ்கன்னு எட்டு வயசுப் பையன் ஒருத்தனக் கூப்ட்டு, "சின்னப் பசங்களுக்கு நீ எழுத்து சொல்லிக் குடு"ன்னாரு. பெரியவங்க முடியாதுன்னத எட்டு வயசுக்காரன் செஞ்சி காட்டினான். அப்புறம் பள்ளிக்கூடம் பூரா பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்றதுன்னு ஏற்பாடு. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான், வேறென்ன?

பெல் 1796ல ஊருக்குப் போனாரு, மறு வருஷம் லண்டன்ல இத்தப் புத்தகமாப் போட்டாரு. மெட்ராஸ் முறைன்னே பேரு. அதே காலத்துல ஜோசப் லங்காஸ்டர்னு லண்டன்ல இன்னொருத்தரு இதே மாதிரி நடத்தினாரு. நான்தான் கண்டுபுடிச்சன், நீ எங்க கண்டுபுடிச்சன்னு ரெண்டு கட்சிக்கும் நாடு பூரா சண்டை. மணல்ல எழுதவெச்ச நம்மூரு வாத்தியாரு பேரு அந்தச் சண்டையில அடிபடவே இல்ல. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு ஊரு, பெல் பொறந்த ஊரு. அங்க அவரு காசுல கட்டின பள்ளிக்கூடத்துக்கு இன்னிக்கும் "மெட்ராஸ் காலேஜ்"னுதான் பேரு. நம்மாளுங்க மெட்ராஸ சென்னையாக்கிட்டாங்க, அவங்க இன்னும் மாத்தல.

ஆனா அந்தக் கதையில ஒரு முள்ளு இருக்குது, அத்தயும் முழுங்கிடாத. பெல்லு ஒரு பையன நம்பினாரு. மேல ஒக்காந்திருந்தவங்க பாத்தது வேற: பசங்களே பசங்களுக்குச் சொல்லிட்டா நூத்துக்கணக்கான பேருக்கு ஒரே வாத்தியாரு போதும், செலவு மிச்சம். சீக்கிரத்துல அது மணியடிச்சா நிக்கறது, மணியடிச்சா ஒக்கார்றதுன்னு மில்லு கணக்கா ஆயிடுச்சி. அரைப் பங்கு மாணவன்கிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சதும், உன் கால் பங்க மிச்சம் புடிக்கலாம்னு ஒருத்தன் கணக்கு நோட்ட எடுத்துக்கிட்டு வருவான். கால் சின்னதுதான், ஆனா மொதக் கால் அதுதான். அத்த எடுத்துட்டா மிச்சம் முக்கால் வராது.

ஏன் சொல்றன்னா, அரைப் பங்கு எப்படி வருதுன்னு இங்கயே பாத்தன். கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடிக் கெடந்துச்சில்ல? 2021 நவம்பர் 1ந் தேதிதான் ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் தெறந்தாங்க. அதுக்குச் சில நாளைக்கு முந்தி, அக்டோபர் 27ந் தேதி, "இல்லம் தேடிக் கல்வி"ன்னு முதலமைச்சர் ஸ்டாலின் ஆரம்பிச்சி வெச்சாரு. எங்க? கோட்டையில இல்ல, இதோ நம்ம முதலியார்குப்பத்துல. சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் புள்ளைங்கள ஒக்காரவெச்சி தன்னார்வலருங்க சொல்லிக் குடுக்கணும். அப்ப மாசம் 1,000 ரூபா. ஆயிரம் ரூபாய்க்கு இன்னிக்கி ஒரு கிலோ வஞ்சிரம் வருமான்னு ஏலக்காரனக் கேளு.

அந்தத் தொகைய நான் மெச்சல. ஆனா அங்க நடந்தத மெச்சறன். பன்னண்டாவது முடிச்சி, கல்யாணமாயி, "இனிமே எனக்கு என்னா படிப்பு"ன்னு இருந்த பொண்ணுங்க கோயில் வாசல்ல பாய விரிச்சி ஒக்காந்தாங்க. மொத வாரம் புள்ளைங்கள விட இவங்களுக்குத்தான் ஒதறல். வகுத்தல் கணக்கு மறந்துபோயி, ராத்திரி தம்பிகிட்ட கேட்டுக்கிட்டு வந்து மறுநாள் சொல்லுவாங்க. நாலு மாசம் போனா அந்தப் பொண்ணு நடையே வேற. தபால்ல டிகிரிக்குப் பணம் கட்டிட்டு வந்து நிக்குது ஒண்ணு. புள்ளைங்க எவ்வளவு படிச்சாங்கன்றத ஆபீசருங்க அளந்தாங்க, பொண்ணுங்க எவ்வளவு படிச்சாங்கன்னு யாரும் அளக்கல. அந்த அரைப் பங்கு அவங்க மடியில விழுந்துச்சி.

அதனால நீ வகுப்புல முக்கால்வாசி நேரம் வாய மூடிக்க. கஷ்டம்தான். வாத்தியாருக்கு மௌனம் வந்துட்டா ஹெச்.எம். எட்டிப் பாப்பாரு. "கிளாஸ்ல என்னா சத்தம்?"னு கேப்பாரு. பசங்க பேசறது சத்தம், வாத்தியாரு பேசறது பாடம்னு ஒரு நம்பிக்கை. "கால் பங்கு முடிஞ்சிடுச்சி சார், முக்கால் ஓடிக்கிட்டிருக்குது"ன்னு சொல்லு. மாத்தல் போட்டாலும் போடுவாரு.

அந்தக் கால் பங்க ஒழுங்காச் செய்யறதும் லேசில்ல. ஆவியாதல், படிகமாதல்னு புத்தகத்துல உப்பளம் படம் போட்டிருப்பாங்க. ஈசிஆர்ல ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியா நெசமாவே கெடக்குது, படத்துக்குக் கலர் சரியில்லன்னு வாத்தியாரு கவலப்படறாரு. கூட்டிக்கிட்டுப் போ. உப்பளத்து ஆளுகிட்ட, தண்ணியில உப்பு எவ்வளவு ஏறியிருக்குதுன்னு டிகிரி பாக்கற கண்ணாடிக் குழாய் இருக்கும். கடல்தண்ணி சுமாரா மூணு டிகிரி. அத்தப் பாத்தி மாத்திப் பாத்தி மாத்திக் காயவெப்பாங்க. உப்பு படியறதுக்கு முந்தி ஜிப்சம் படிஞ்சிடும். 25 டிகிரி வந்தாதான் உப்பு பூக்கும். அப்படியே வுட்டு 30 கிட்டப் போயிட்டா மெக்னீசியம் சேந்து கசக்கும், அதுக்குள்ள அந்தத் தண்ணியக் கழிச்சி வுட்டுடணும். சித்திரை வெயில்ல வெறுங்காலோட நின்னு ஒரு அம்மா இத்தச் சொல்றத உன் பசங்க கேக்கணும். அந்தம்மாவோட புள்ளை உன் வகுப்புல இருப்பான். அன்னிக்கி ஒரு நாளாச்சும் அவன் தலைய நிமித்திக்கிட்டு நிப்பான். அதுக்கு நீ பாடக்குறிப்புல என்னா தலைப்பு போடுவியோ, போட்டுக்க.

இன்னொரு பாடமும் இந்த ஊர்ல இருக்குது. அதுக்கு நான் கிண்டல் பேச மாட்டன். 2023 மே மாசம் எக்கியார்குப்பம் பேரு எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சே, நீயும் படிச்சிருப்ப. சாராயம்னு வாங்கிக் குடிச்சாங்க, உள்ள இருந்தது கம்பெனிக்குப் போற மெத்தனால். பத்துப் பேருக்கு மேல செத்தாங்க. பத்தாம் வகுப்பு அறிவியல்ல கார்பன் பாடத்துல எத்தனால் வருது. பசங்க ஃபார்முலாவ ஒப்பிப்பாங்க, மார்க்கு வரும். எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் பாத்தாலோ மோந்தாலோ வித்தியாசம் புடிக்கறது கஷ்டம், மெத்தனால ஈரல் ஃபார்மிக் அமிலமா மாத்தும், அது கண்ணு நரம்பப் புடிக்கும், அப்புறம் உசுர எடுக்கும்னு எங்களுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போதுதான் தெரிஞ்சிச்சி. பத்தாவது பாஸ் பண்ணவன் இந்த ஊர்ல எத்தினியோ பேரு. அவன் படிச்சது அவன் வூட்டுத் திண்ணை வரைக்கும்கூட வரலன்னா அந்தப் பாடம் எங்க நின்னுச்சி? நீ நாளைக்கு அந்தப் பாடத்த இங்க நடத்தும்போது எதிர்ல அப்பனப் பறிகொடுத்த புள்ள ஒக்காந்திருக்கும். ஊரு பேரச் சொல்லுவியா, சொல்லாம தாண்டிடுவியா? புள்ளைய முன்கூட்டியே கூப்ட்டுப் பேசிட்டு நடத்துவியா? இது உங்க பி.எட். பரீச்சையில வராது. ஆனா உனக்கு வரும்.

வகுப்புக்கு வெளியில கெடக்கற வேலையும் வாத்தியாரு வேலைதான்னு காட்டின ஆளு உங்க ஊர்லயே இருக்காரு. பேராசிரியர் பிரபா கல்விமணி, கல்யாணின்னா எல்லாருக்கும் தெரியும். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில இயற்பியல் நடத்தினவரு. இயற்பியலோட நிறுத்திக்கிட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பாரு. தாய்த்தமிழ்ப் பள்ளி ஆரம்பிச்சாரு, பழங்குடி இருளருக்குப் பாதுகாப்புச் சங்கம் கட்டினாரு, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, தாலுகா ஆபீசுன்னு ஏறி எறங்கினாரு. இருளர் புள்ளை ஒருத்தன் படிப்புல மேல போவணும்னா மொதல்ல அவங்கிட்ட சாதிச் சான்றிதழு இருக்கணும். அது இல்லன்னா நீ நடத்தற நியூட்டன் விதி அவனுக்கு எதுக்கு? எல்லாரும் கல்யாணி ஆவ முடியாது. ஆனா நாலு நாளா வராத புள்ளைக்கு ரிஜிஸ்டர்ல "ஆப்சென்ட்" போட்ட கையோட, ஏன் வரலன்னு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றதுக்குச் சங்கமெல்லாம் வேணாம், செருப்பு இருந்தாப் போதும்.

இன்னும் தாளு பாதி காலியாத்தான் இருக்குதா? அப்ப அடியப் பத்தி எழுது. எங்க காலத்துல அப்பன் புள்ளையக் கொண்டாந்து வுடும்போதே "கண்ண மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க வாத்தியாரே"ன்னு சொல்லிட்டுப் போவாரு. அதுக்கும் முந்தி திண்ணைப் பள்ளிக்கூடத்துல கோதண்டம்னே ஒரு தண்டனை, கயித்துல தொங்க வுட்டுடுவாங்க. இன்னிக்கும் "அடி வாங்கினதாலதான் நான் ஆளானேன்"னு பெருமை பேசறவனப் பாக்கறன். எந்த ஆளா ஆனான்ற கேள்விய மட்டும் அவன் கேட்டுக்கறதில்ல. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுல அடிக்கவும் கூடாது, மனசு நோகப் பேசவும் கூடாதுன்னு போட்டுட்டாங்க. கம்ப வுட்டவங்க நெறய பேரு. வாய வுட்டவங்கள இனிமேதான் தேடணும்.

அடியப் பத்தி உனக்கு நெசமாவே தெரியணும்னா ஒரு வழி சொல்றன். கத்துக்கற பக்கம் போயி ஒக்காந்து நீ எவ்வளவு நாளாச்சி? தெரியாத ஒண்ண, எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கும்போது, தப்புத் தப்பாச் செய்யறது எப்படி இருக்கும்னு மறந்துட்டவன் வாத்தியாரா இருக்க லாயக்கில்ல. எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்குது, ஏன்னா போன்ல பணம் அனுப்ப எம்பேரன் கத்துக் குடுக்கறான். "இதுகூடத் தெரியலையா தாத்தா"ன்னு கேக்கறான். நல்ல கெட்டிக்காரன், மோசமான வாத்தியாரு.

அவங்கிட்டயே உன்னச் சேத்து வுடறன். கரையில ஒக்காந்து வலைக் கிழிசல் பின்னக் கத்துக்க. ஊசியில நூலு சுத்தறதுலேர்ந்து ஆரம்பிப்பான். கண்ணு அளவு தப்பினா அவுக்கச் சொல்லுவான், மறுபடி பின்னச் சொல்லுவான், மறுபடி அவுக்கச் சொல்லுவான். ஒரு வாரம் போனா உனக்கு ஒரு கண்ணு ஒழுங்கா வரும், அவனுக்குச் சொல்லிக் குடுக்கற அரைப் பங்கு வரும். அவன் யாருன்னு கேக்கறியா? எண்ணூறு சொன்ன அந்த ஏழாம் வகுப்புப் பையன்தான், வகுப்புல முட்டி போட்டவன். கோவம் வந்தா மண்டையில நங்குன்னு ஒரு கொட்டு வெப்பான், வாங்கிக்க. சட்டம் உன் கையத்தான் கட்டியிருக்குது, அவன் கையக் கட்டல.